இணையவழிப் பள்ளி உளவியலாளர் படிப்பு: கலிஃபோர்னியாவில் இருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

ஊரில் உளவியல் படித்துவிட்டு அமெரிக்கா வந்து, பிள்ளைகள் சற்று வளர்ந்த பின் பள்ளி உளவியலாளராகலாம் என்று நினைத்திருக்கும் தமிழ்ப் பெண்கள், குறிப்பாகக் கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள், வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணையவழி முதுநிலைப் படிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். அப்படியொரு படிப்பில் சேர்ந்து நான் கட்டிய பணத்தில் பெரும்பகுதி திரும்பி வரவில்லை. அந்தப் பல்கலைக்கழகம் தரும் பட்டத்தை வைத்துக்கொண்டு இந்த மாநிலத்தின் எந்த அரசுப் பள்ளியிலும் உளவியலாளராகப் பணியாற்ற முடியாது.

சேர்வதற்கு முன் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை ஆலோசகரிடம் நான் கேட்டது ஒரே கேள்விதான்: இந்தப் படிப்பை முடித்தால் கலிஃபோர்னியாவில் உரிமம் கிடைக்குமா? அதற்கு அவர், பல்கலைக்கழகம் முழு அங்கீகாரம் பெற்றது என்றும், தங்கள் மாணவர்கள் எல்லா மாநிலங்களிலும் பள்ளிகளில் வேலை பார்க்கிறார்கள் என்றும் சொன்னார். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இரண்டுமே என் கேள்விக்குப் பதில் அல்ல. மின்னஞ்சலில் கேட்டபோதெல்லாம் எழுத்தில் பதில் தராமல் தொலைபேசியிலேயே அழைத்துப் பேசினார். நீங்கள் எழுதிக் கேட்பதற்கு யாரேனும் வாய்மொழியாக மட்டுமே பதில் சொன்னால், அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

கலிஃபோர்னியாவில் பள்ளி உளவியலாளருக்கான உரிமத்தை வழங்குவது மாநில ஆசிரியர் உரிம ஆணையம். அதற்கு 60 செமஸ்டர் அலகுகள் (கிரெடிட்கள்) கொண்ட முதுநிலைப் படிப்பு, 450 மணி நேரப் பிராக்டிகம் (படிப்பின்போதே பெறும் களப்பயிற்சி), அதன் பின் 1,200 மணி நேர இன்டர்ன்ஷிப் ஆகியவை வேண்டும். தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கமும் ஏறக்குறைய இதே அளவைத்தான், அதாவது 60 அலகுகளையும், குறைந்தது 600 மணி நேரமாவது பள்ளியில் கழியும் 1,200 மணி நேர இன்டர்ன்ஷிப்பையும் வகுத்திருக்கிறது. எனக்கு விற்கப்பட்டதோ 36 அலகுகள் கொண்ட கல்வி உளவியல் முதுகலை. கற்றல் எப்படி நிகழ்கிறது என்பதை ஆராயும் அந்தத் துறை மதிப்புள்ளதுதான், ஆனால் அது குழந்தைகளை மதிப்பீடு செய்யும் உரிமத்துக்கான பயிற்சி அல்ல. மீதி அலகுகளுக்கு ‘ஸ்பெஷலிஸ்ட்’ என்ற தனிப் பட்டத்தில், தனிக் கட்டணத்தில் சேர வேண்டும் என்பதை இரண்டாம் ஆண்டில்தான் சொன்னார்கள்.

பிராக்டிகத்துக்கு இடம் தேடியபோதுதான் முழு விவரமும் வெளிவந்தது. இடத்தை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும் என்று பல்கலைக்கழகம் கைகழுவிவிட்டதால், எங்கள் பகுதிப் பள்ளி மாவட்டத்தின் உளவியல் பிரிவு ஒருங்கிணைப்பாளருக்கு நானே எழுதினேன். பல்கலைக்கழகத்துக்கும் மாவட்டத்துக்கும் ஒப்பந்தம் உள்ளதா, உங்கள் படிப்பு ஆணையத்தின் ஒப்புதல் பட்டியலில் உள்ளதா என்று அவர் மறுநாளே கேட்டார். இரண்டும் இல்லை. இங்கு ஊதியத்துடன் இன்டர்னாகச் சேர ஆணையம் தரும் இன்டர்ன் உரிமம் வேண்டும். அதற்கு ஒப்புதல் பெற்ற படிப்பை நடத்தும் நிறுவனமே பரிந்துரைக்க வேண்டும் என்பதையும் அவர்தான் பொறுமையாக விளக்கினார். வேறு மாநிலத்தில் பயின்றவர்களுக்கும் இங்கு வழி உண்டு. ஆனால் அந்தப் படிப்பு 60 அலகுகளையும் களப்பயிற்சியையும் கொண்டதாகவும், அந்த மாநிலத்திலேயே உரிமத்துக்குத் தகுதி தருவதாகவும் இருக்க வேண்டும். என் பட்டம் அதிலும் தேறாது.

பணத்தைவிட என்னை அதிகம் வருத்துவது பயிற்சியின் தரம். நுண்ணறிவுச் சோதனைகளுக்கான பாடத்தில் குழந்தைகளுக்கான விஸ்க்-5 என்ற நுண்ணறிவுச் சோதனையை எப்படி நடத்துவது என்பதைப் பதிவு செய்யப்பட்ட காணொளிகளிலேயே காட்டினார்கள். சிவப்பு வெள்ளைக் கட்டைகளைக் குழந்தையின் முன் எப்படி வைப்பது, நிறுத்துக்கடிகாரத்தை எந்த நொடியில் அழுத்துவது, குழந்தை தயங்கும்போது எதைச் சொல்லலாம், எதைச் சொல்லவே கூடாது என்பதெல்லாம் அருகில் ஒருவர் இருந்து திருத்தினால்தான் கைவரும். நான் பதிவேற்றிய காணொளிகளுக்கு மதிப்பெண் வந்ததே தவிர, எங்கே பிசகினேன் என்று ஒரு வரிகூட வரவில்லை. உரிய இன்டர்ன்ஷிப்பில், உரிமம் பெற்ற பள்ளி உளவியலாளர் ஒருவர் வாரத்துக்குச் சராசரியாக இரண்டு மணி நேரமாவது மேற்பார்வையிட வேண்டும் என்று சங்கம் வலியுறுத்துவது வெறும் சடங்கு அல்ல.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கறுப்பினக் குழந்தைகளை மனவளர்ச்சி குன்றியோர் வகுப்புகளில் சேர்ப்பதற்கு நுண்ணறிவுச் சோதனைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 1979-இல் லாரி பி. வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1986-இல் அந்தத் தடை சிறப்புக் கல்வி மதிப்பீடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. கலிஃபோர்னியப் பள்ளி உளவியலாளர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய இந்த வழக்கின் பெயர்கூட எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. அதேபோல, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கான கூட்டாட்சிக் கல்விச் சட்டம், இயலாத நிலை தெளிவாக இருந்தாலொழியக் குழந்தையின் தாய்மொழியிலேயே மதிப்பிட வேண்டும் என்கிறது. வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் குழந்தையை ஆங்கிலத்தில் சோதித்துவிட்டு, அதற்குக் கற்றல் குறைபாடு என்று எழுதினால் அதன் பள்ளி வாழ்க்கையே திசைமாறிவிடும். தமிழ் தெரிந்த பள்ளி உளவியலாளர்கள் இங்கே தேவைப்படுகிறார்கள் என்பதால்தான் நான் இந்தத் துறையையே தேர்ந்தெடுத்தேன்.

கூட்டாட்சி மாணவர் நிதியுதவித் திட்டத்தில் உள்ள கல்வி நிறுவனங்கள், உரிமத்துக்கு வழிவகுக்கும் என்று விளம்பரப்படுத்தும் படிப்பு எந்தெந்த மாநிலத்தின் தகுதிகளை நிறைவு செய்கிறது, எதை நிறைவு செய்யவில்லை, எதைப் பற்றி முடிவு செய்யவில்லை என்று வெளியிட வேண்டும் என 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதி கூறியது. மாணவர் இருக்கும் மாநிலம் பின்னிரண்டு வகைகளில் வந்தால், சேர்வதற்கு முன்பே அவருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும் என்றும் அது கூறியது. அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில், யாரும் எளிதில் சென்றடையாத ஒரு பக்கத்தில், கலிஃபோர்னியா ‘முடிவு செய்யவில்லை’ என்ற வரிசையில் இருந்தது. எனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. பல்கலைக்கழகத்தின் மீது நான் கொடுத்துள்ள புகாரின் மையம் இதுதான்.

சேர நினைப்பவர்கள் முதலில் ஆணையத்தின் இணையதளத்தில் ஒப்புதல் பெற்ற படிப்புகளின் பட்டியலைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது, பள்ளி உளவியல் என்ற பிரிவின் கீழ் அது இருக்க வேண்டும். களப்பயிற்சிக்கு இடம் ஏற்பாடு செய்வது யார் பொறுப்பு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எஃப்-1 மாணவர் விசாவில் வர நினைப்பவர்களுக்கு முழுக்க முழுக்க இணையவழியிலான படிப்பு உதவாது. எச்-4 விசாவில் (எச்-1பி பணியாளரின் குடும்பத்தினருக்கான விசா) இருப்பவர்கள் படிக்கலாம், ஆனால் பணி அனுமதி அட்டை இல்லாமல் ஊதியத்துடன் இன்டர்ன்ஷிப் செய்ய முடியாது; இதையும் எந்தச் சேர்க்கை ஆலோசகரும் தாமாகச் சொல்ல மாட்டார்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் மின்னஞ்சல்களையும் கட்டண ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் சொன்னதை அன்றே சுருக்கமாக எழுதி, “நீங்கள் கூறியது இதுதானே” என்று அவர்களுக்கே அனுப்புங்கள். விலகுவதென்றால் அந்தப் பருவத்தின் கட்டணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதிக்குள் விலகுங்கள். என் பணத்தைத் தர மறுத்ததற்கு அவர்கள் காட்டிய காரணம் அந்தத் தேதி கடந்துவிட்டது என்பதே. நான் இப்போது ஆணையத்தின் பட்டியலில் உள்ள ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் முதல் பருவத்திலிருந்து படிக்கிறேன்; பழைய பாடங்களில் மிகச் சிலவற்றையே ஏற்றுக்கொண்டார்கள். புகார் விசாரணையில் இருக்கிறது, முடிவு வந்ததும் இப்பதிவிலேயே சேர்க்கிறேன்.