சீயக்காய்: பொடியா, கரைசலா?

வீட்டிலேயே சீயக்காய் தயாரித்துத் தலைக்குத் தேய்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு. காயவைத்து அரைத்து டப்பாவில் போட்டுவைக்கும் பொடி ஒன்று. ஊறவைத்து, கொதிக்கவிட்டு, வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி ஷாம்பு மாதிரி எடுத்துக்கொள்ளும் கரைசல் இன்னொன்று. இரண்டிலும் அழுக்கை எடுப்பது சபோனின் என்ற ஒரே சரக்குதான். சீயக்காயின் தோட்டிலும் பூந்திக்கொட்டையின் மேல்தோலிலும் இருக்கும் அது, தண்ணீர் பட்டதும் நுரைத்து எண்ணெய்ப் பிசுக்கைப் பிரித்துக்கொண்டு போகிறது. ஆகவே எது நன்றாக அழுக்கு எடுக்கும் என்று சண்டை போட அதிக இடமில்லை.

நுரை கரைசலில் கூடுதல். கைக்குச் சுலபமும் அதுதான். கண்ணில் பட்டால் இரண்டுமே எரியும், பூந்திக்கொட்டை சேர்த்தால் இன்னும் மோசம். இதெல்லாம் தேய்த்துப் பார்த்த யாருக்கும் தெரியும். நான் பொடிப் பக்கம் நிற்பதற்குக் காரணம் வேறு: அதில் தண்ணீர் இல்லை. அதை விரிவாகப் பேசுமுன் இரண்டையும் சரியாகத் தயாரிப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். பாதிப் புகார்கள் தயாரிப்பில் விட்ட குறையால் வருபவை.

பொடி

சீயக்காய் 1 கிலோ, பச்சைப்பயறு 250 கிராம், வெந்தயம் 100 கிராம், கொட்டை நீக்கிய பூந்திக்கொட்டைத் தோல் 100 கிராம், நிழலில் காயவைத்த செம்பருத்தி இலை 50 கிராம், பூலாங்கிழங்கு 50 கிராம், வற்றக் காய்ந்த எலுமிச்சைத் தோல் ஒரு கைப்பிடி. அழுக்கு எடுப்பது சீயக்காயும் பூந்திக்கொட்டையும். பயறு எண்ணெயை உறிஞ்சும். வெந்தயமும் செம்பருத்தியும் வழவழப்பு தந்து சிக்கெடுக்க உதவும். பூலாங்கிழங்கு வாசனைக்கு மட்டும். வறண்ட முடி என்றால் பூந்திக்கொட்டையை விட்டுவிட்டு வெந்தயத்தை 150 கிராமாக்கலாம். அதற்கு மேல் போனால் பொடி தண்ணீரில் கூழாகிவிடும், அலசவே ஒரு வாளி கூடுதலாக வேண்டும்.

சீயக்காயை உடைத்து விதையை உதிர்த்துவிடுவது நல்லது. சபோனின் பெரும்பாலும் தோட்டில்தான் இருக்கிறது. கல் மாதிரியான விதை நறநறப்பைத்தான் கூட்டும்.

எல்லாவற்றையும் தனித்தனியாக, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவைக்க வேண்டும். ஒன்றாகக் கொட்டிக் காயவைத்தால், சீக்கிரம் காயும் இலை நொறுங்கிப் போயிருக்கும்; மெதுவாகக் காயும் எலுமிச்சைத் தோல் உள்ளே ஈரமாகவே இருக்கும். சீயக்காய் வளைந்தால் காயவில்லை, படக்கென்று முறிந்தால் காய்ந்தது. எலுமிச்சைத் தோலுக்கும் அதே சோதனைதான். மழை மாதங்களில் இந்த வேலையை எடுக்கவே வேண்டாம்.

மில்லில் அரைத்து வரும் பொடி சூடாக இருக்கும். அப்படியே டப்பாவில் அடைத்தால் உள்ளே ஆவி வேர்த்து, ஓரத்தில் கட்டி தட்டும், அந்த இடத்தில்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும். அகலமான தாம்பாளத்தில் பரப்பி முழுக்க ஆறவிட வேண்டும். பிறகு வஸ்திரகாயம்: மெல்லிய மல் துணியில் சலிப்பது. எல்லாரும் தவறவிடும் படி இதுதான். மாவுச் சல்லடையில் சலித்ததோடு நிறுத்தினால் கொரகொரப்பான துகள்கள் முடிக்குள் மாட்டிக்கொள்ளும். காய்ந்தபின் உதிரும் அந்தத் துகளைப் பார்த்துப் பொடுகு என்று பயப்படுகிறவர்கள் நிறைய. சலிக்கும்போது மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளுங்கள். சீயக்காய்த் தூசி தும்மலையும் தொண்டை எரிச்சலையும் கிளப்பும். வீசிங் உள்ளவர்கள் பக்கத்தில் இருக்கவே கூடாது.

இடுப்பு வரை நீண்ட முடிக்கு மூன்று மேசைக்கரண்டி போதும். வடித்த கஞ்சியிலோ வெதுவெதுப்பான நீரிலோ இட்லி மாவுப் பதத்தில் கரைத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட வேண்டும். ஊறாத பொடி நுரைக்காது, உராயும். தலையை முழுக்க நனைத்தபின் மண்டையில் மட்டும் தேய்த்தால் போதும், அலசும்போது வழியும் நீரே முடியின் நுனி வரை போய்ச் சேரும். குனிந்து அலசினால் கண் தப்பும்.

கரைசல்

பூந்திக்கொட்டைத் தோல் 50 கிராம், விதை நீக்கிய சீயக்காய் 50 கிராம், வெந்தயம் 10 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர். இரவு ஊறவைத்து, காலையில் சிறுதீயில் இருபது முப்பது நிமிடம் கொதிக்கவிட வேண்டும். நுரைத்துப் பொங்கும் என்பதால் பாத்திரம் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. எவர்சில்வர் பாத்திரமே நல்லது. இரும்புச் சட்டியில் வைத்தால் சீயக்காயின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து கரைசல் மை போலக் கறுக்கும். ஆறியதும் கையால் பிசைந்து, துணியில் இரண்டு முறை வடிகட்ட வேண்டும். மிக்ஸியில் அடிக்கவே வேண்டாம், பாத்திரம் முழுக்க நுரைதான் மிஞ்சும்.

கிடைப்பது தண்ணீர் மாதிரியே ஓடும் பழுப்பு நீர். கடை ஷாம்பு போலக் கெட்டியாக வேண்டும் என்று சாந்தன் கம் சேர்க்கிறார்கள். 100 மில்லிக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை போதும். நேராகத் தூவினால் மீன்கண் மாதிரி முடிச்சு விழும், முதலில் கொஞ்சம் கிளிசரினில் குழைத்துவிட்டு ஊற்ற வேண்டும். என்னைக் கேட்டால் கெட்டியாக்கவே தேவையில்லை. மூக்கு வைத்த பாட்டிலில் ஊற்றி மண்டையில் வகிடு வகிடாகப் பீய்ச்சினால் வேலை முடிந்தது. துகள் இல்லாததால் அலசுவது சுலபம். சுருட்டை முடிக்கும் மிக அடர்த்தியான முடிக்கும் இது பெரிய வசதி, மறுக்க முடியாது.

தண்ணீர் செய்யும் வேலை

இனி முக்கியமான விஷயம். கரைசல் என்பது சர்க்கரைச் சத்து, புரதம், நார் எல்லாம் கலந்த ஒரு கஷாயம். நுண்ணுயிர்களுக்கு இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. "கொதிக்க வைத்ததுதானே, எல்லாம் செத்திருக்குமே" என்பார்கள். கொதிநீரில் பெரும்பாலான கிருமிகள் சாகும் என்பது சரி. மண்ணில் வளரும் செடிப் பொருள்களோடு ஒட்டிவரும் சில பாக்டீரியாக்களின் வித்துகள் 100 டிகிரியைத் தாங்கும். கரைசல் ஆறியதும் அவை முளைக்கும். போதாததற்கு வடிகட்டும் துணி, புனல், பாட்டில், குளியலறையில் ஈரக்கையோடு மூடியைத் திறப்பது என்று ஒவ்வொன்றும் புதிதாகக் கொண்டுவந்து சேர்க்கும்.

வெளியில் வைத்தால் இரண்டாம் நாளே புளிக்கத் தொடங்கிவிடும். ஃபிரிட்ஜில் நாலைந்து நாள். மேலே ஆடை படிவது, மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று வருவது, நூல் நூலாக இழுப்பது, புளித்த வாடை இவையெல்லாம் கெட்டதற்கு அடையாளம். ஆனால் இந்த அடையாளங்கள் தெரிவதற்கு முன்பே கிருமிகள் ஏராளமாகப் பெருகியிருக்கலாம். சொறிந்து புண்ணான மண்டையிலும் கண்ணோரத்திலும் அந்த நீர் படுகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதைத் தவிர்க்க வைட்டமின் இ காப்ஸ்யூலை உடைத்து ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. வைட்டமின் இ எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காக்கும், பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. எண்ணெயே இல்லாத கரைசலில் அதற்கு வேலையும் இல்லை. டீ ட்ரீ, லாவெண்டர் எண்ணெய்ச் சொட்டுகளும் இந்தக் காரியத்துக்குப் போதாது. கிருமியை அடக்கும் அளவுக்குச் சேர்த்தால் மண்டைத் தோல் தாங்காது. எலுமிச்சைச் சாறு புளிப்பைக் கூட்டும், கூடவே சர்க்கரையையும் சேர்க்கும்.

உண்மையில் வேலை செய்பவை பதப்படுத்திகள். சோடியம் பென்சோயேட்டும் பொட்டாசியம் சார்பேட்டும் எளிதாகக் கிடைப்பவை. ஆனால் அவை நன்றாக வேலை செய்ய pH அளவு (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடுதல்) 5-க்குக் கீழே இருக்க வேண்டும். சீயக்காய் இயல்பிலேயே புளிப்பு என்றாலும் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு என்று அளந்து, தேவையானால் சிட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். அங்கே ஒரு சிக்கல்: pH தாளில் நிறம் மாறுவதைப் பார்த்துத்தான் அளவு சொல்வோம். பழுப்புக் கரைசல் தாளையே பழுப்பாக்கிவிடும். மீட்டர் இருந்தால்தான் நம்பலாம். எடையும் அப்படியே. 200 மில்லி கரைசலுக்கு அரை சதவீதம் என்றால் ஒரே ஒரு கிராம். சமையலறைத் தராசு அதைச் சரியாகக் காட்டாது, நகைத் தராசு போல நுணுக்கமான ஒன்று வேண்டும். இத்தனையும் செய்தாலும், இந்த இரண்டு உப்புகளும் பூஞ்சைக்கும் ஈஸ்ட்டுக்கும் காட்டும் பலத்தைச் சில பாக்டீரியாக்களிடம் காட்டுவதில்லை. அடியில் தங்கும் வண்டல் வேறு பதப்படுத்தியின் பலத்தைக் குறைக்கும். கம்பெனிகள் ஷாம்புவை ஆய்வுக்கூடத்தில் கிருமிகளைக் கலந்து சோதித்துத்தான் தேதி போடுகின்றன. வீட்டில் அதற்கு வழியில்லை.

பொடியில் இந்தத் தலைவலி ஒன்றுமே இல்லை. பொடியும் கிருமியற்றது அல்ல. வித்துகள் அதிலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. ஈரம் கிடைக்காதவரை அவை பெருகாது, அவ்வளவுதான். அதனால் பொடிக்கு இரண்டே கட்டுப்பாடு. டப்பாவுக்குள் ஈரக் கரண்டி போகக் கூடாது. கரைத்தது மீந்தால் அன்றே கொட்டிவிட வேண்டும். பெரிய டப்பாவைக் குளியலறைப் பக்கமே கொண்டுபோகாமல், அந்தந்த வாரத்துக்கு வேண்டியதைச் சின்ன டப்பாவில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். இப்படி இருந்தால் ஆறு மாதம் கவலையில்லை. அதற்குப் பிறகு கெடுவதைவிட வாசனை மங்குவதுதான் முதலில் தெரியும். பொடிக்கு உண்மையான எதிரி வண்டு. அது பயறு வழியாக வரும். அரைத்த பொடியைக் காற்றுப் புகாத பையில் கட்டி ஃப்ரீசரில் நாலு நாள் வைத்து எடுத்தால் முட்டைகள் சாகும். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வந்தபின் பிரித்தால் உள்ளே ஈரம் கோக்காது.

சோப்பில் கலப்பது

மூன்றாவதாக ஒரு வழியும் சிலர் சொல்வார்கள்: இயற்கையான திரவ சோப்பில் சீயக்காய் நீரைக் கலந்து ஷாம்பு செய்வது. இதைத் தள்ளிவிடலாம். சோப்பு காரம், சீயக்காய் அமிலம். கலந்தால் சோப்பு உடைந்து கொழுப்பு அமிலம் தனியாகப் பிரிந்து, மேலே வெள்ளை வெள்ளையாக மிதக்கும். உடையாத அளவுக்குச் சீயக்காயைக் குறைத்தால் மிஞ்சுவது காரச் சோப்பு மட்டுமே. அது முடியின் செதில்களை நிமிர்த்திச் சொரசொரப்பாக்கும். உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் கால்சியத்தோடு சேர்ந்து பிசுபிசுவென்று படியவும் செய்யும். சபோனின் இப்படிப் படிவதில்லை.

கரைசல்தான் வேண்டும் என்பவர்களுக்கு

சுருட்டை முடி, துகள் ஒத்துக்கொள்ளாத மண்டை, தேய்க்கத் தேய்க்க அழும் குழந்தை இப்படி நியாயமான காரணங்கள் இருக்கின்றன. சாயம் பூசிய முடிக்கு எது நல்லது என்பதில் மட்டும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. காதுக்குப் பின்னால் ஒரு சிறு கற்றையில் தேய்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கரைசலைச் சேமிக்காமலே கரைசலின் சுகத்தைப் பெற வழி இருக்கிறது. காயவைத்த சரக்கைப் பொடியாக்காமல் உரலில் ஒன்றிரண்டாக இடித்து வையுங்கள். குளிக்கும் நாளில் ஒரு கைப்பிடி, அதாவது 25 கிராம் அளவு எடுத்து, 300 மில்லி கொதிநீரில் போட்டு அரை மணி நேரம் மூடி வைத்து, பிசைந்து, இரட்டைத் துணியில் வடிகட்டினால் ஒருவருக்கு ஒரு தடவைக்குச் சரியாக இருக்கும். ஒரே நாளில் மொத்தமாகக் காய்ச்சித்தான் ஆக வேண்டுமென்றால், வடிகட்டிச் சூடு ஆறியவுடன் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளை ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரிலேயே வையுங்கள். முதல் நாள் இரவு நாலைந்து கட்டிகளை எடுத்து ஒரு டம்ளரில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் காலையில் தயார். ஒருமுறை உருகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது.