மாங்கரை ஏத்தம்: சைக்கிளில் ஆறு வருசம்

ஞாயிறு தவறாமல் கோயமுத்தூர்ப் பக்கத்துக் கனுவாயிலிருந்து கேரள எல்லையில் இருக்கிற ஆனைகட்டிக்கு மிதிக்கிறேன். போக இருபது கிலோமீட்டர் சொச்சம். அதில் காடு என்பது மாங்கரை செக்போஸ்டுக்கு அப்புறம் வருகிற பத்து கிலோமீட்டர் போலத்தான். அந்தப் பத்துக்காகத்தான் மீதியை மிதிப்பது.

சின்னத் தடாகம் வரைக்கும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் செங்கல் லாரிக்குப் பின்னால் புழுதி தின்றேன். 2021-இல் சூளைகளை மூடிய பிறகு மூச்சுவிட முடிகிறது.

மாங்கரையில் ஏத்தம் தொடங்கும். பின்னால் ஏழு கியர் உள்ள சாதாரண வண்டியே போதும். கியர் இல்லாத சைக்கிளில் பள்ளிக்கூடப் பையன்கள் எழுந்து நின்று மிதித்து என்னைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். ஆனி, ஆடியில் மட்டும் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து முகத்தில் அறையும், ஏத்தத்தைவிட அதுதான் காலை உடைக்கும். திரும்பும்போது அதே காத்து முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும்.

சைக்கிள்காரர்களுக்கு விடியுமுன் கிளம்பினால்தான் திருப்தி. நானும் முதல் ரெண்டு வருசம் அஞ்சரைக்கே மாங்கரையைத் தாண்டிவிடுவேன். ஒரு ஐப்பசிக் காலையில், வளைவில், ரோட்டோர உண்ணிச்செடிக்கு மேலே ஒரு யானைக் காது அசைந்தது. சைக்கிளுக்குச் சத்தம் இல்லை, அதற்கு நான் வந்தது தெரியவில்லை. இறங்கி, வண்டியைத் திருப்பி, மிதிக்காமலே உருட்டிக்கொண்டு வந்தேன். செக்போஸ்டில் இருந்தவர் திட்டவெல்லாம் இல்லை. "ஏனுங் தம்பி, மொத பஸ் போவட்டும், அதுக்குப் பொறகால போங்க. மேல ஒத்தை நிக்குதுன்னு நேத்தே சொன்னாங்களே" என்றார். அன்றிலிருந்து ஏழு மணிக்கு முன்னால் நான் காட்டுக்குள் போவதில்லை. சாயங்காலமும் கிடையாது.

பச்சை பார்க்கணும் என்று மழைக்கு அப்புறம் வருபவர்கள் அதிகம். எனக்குப் பிடித்தது மாசி, பங்குனிதான். இது இலையுதிர் காடு, அப்போது காய்ந்து கிடக்கும், அழகு கம்மிதான். ஆனால் உண்ணிச்செடி மெலிந்து, ஐம்பது அடி உள்ளே என்ன நிற்கிறது என்று தெரியும். பறவை பார்க்கிறவர்களுக்கு வேறு கணக்கு இருக்கும். 1990-இல் சாலிம் அலி பெயரில் தொடங்கிய பறவையியல் மையமே ஆனைகட்டியில்தானே இருக்கிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மயிலும் செம்போத்தும்.

மேலே போனதும் ஒரு டீ. பாலம் தாண்டினால் அட்டப்பாடி, போர்டெல்லாம் மலையாளம், சூடாகப் பழம்பொரி கிடைக்கும். வாங்கினால் அங்கேயே தின்றுவிடுங்கள். ஹேண்டில்பாரில் பொட்டலத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்த ஒருநாள், குரங்கு எனக்கு மிச்சம் வைத்தது பையை மட்டும்தான்.

இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. போன வருசம் ஒரு கடையில் மலிவான பிரேக் கட்டை மாட்டிக் கொடுத்தார்கள். மழை ஈரத்தில் பாதி இறக்கத்திலேயே லீவர் கைப்பிடியைத் தொட்டுவிட்டது, செருப்பைத் தேய்த்துத்தான் நின்றேன். இப்போது நல்ல கட்டையாகவே வாங்கி, நாலு மாசத்துக்கு ஒருதடவை நானே மாற்றிவிடுகிறேன். விட்டு விட்டுப் பிடியுங்கள், அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் கொதிக்கும்.

இந்த ஞாயிறு மழை இல்லையென்றால் ஏழு மணிக்கு மாங்கரையில் பஸ்ஸுக்காக நிற்பேன், ஏறுவதற்கு அல்ல.