ஷெல் ஸ்டாலா, பேர் ஸ்பேஸா: ஒரு செக்கு எண்ணெய்க்காரன் கணக்கு

கோவை கொடிசியா வளாகமோ சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையமோ, கண்காட்சி விண்ணப்பத்தில் முதலில் கேட்பது இதைத்தான்: ஷெல் ஸ்டாலா (அவர்களே அடைத்துத் தரும் கடை), பேர் ஸ்பேஸா (வெறும் இடம்)? மரச்செக்கு எண்ணெய் விற்கிற நான் இரண்டிலும் நின்று பார்த்துவிட்டேன்.

ஷெல் என்றால் பொதுவாக மூன்றுக்கு மூன்று, 9 சதுர மீட்டர். அலுமினியச் சட்டத்தில் வெள்ளை பேனல், தரைக்கு கார்பெட், நெற்றியில் கடைப் பெயர், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சில ஸ்பாட் லைட், ஒரு 5 ஆம்ப் பிளக். காலையில் போய் அட்டைப்பெட்டியைப் பிரித்தால் மதியத்துக்குள் கடை தயார். குறை என்னவென்றால் பக்கத்துக் கடையும் அதே வெள்ளை, எதிர்க்கடையும் அதே வெள்ளை. பேனலில் ஆணி அடிக்கக் கூடாது. டபுள் சைட் டேப்பில் ஒட்டிய பேனர் இரண்டாம் நாள் தலையில் விழும்.

பேர் ஸ்பேஸில் தரையில் கோடு போட்ட கட்டம் மட்டும்தான் நம்முடையது. சதுர மீட்டர் வாடகை ஷெல்லைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும், அதைப் பார்த்துத்தான் மயங்குகிறோம். ஆனால் 9 சதுர மீட்டராகப் பெரும்பாலும் தர மாட்டார்கள். 18, 36 என்று பெரிதாக எடுக்க வேண்டும். மேடை, சுவர், விளக்கு எல்லாம் நம் தலையில். மின்சாரத்துக்குக் கிலோவாட் கணக்கில் தனிப் பணம். 18% ஜிஎஸ்டி மட்டும் இரண்டுக்கும் பொது. உத்யம் பதிவு உள்ள சிறு தொழிலுக்கு, ஒப்புதல் பெற்ற கண்காட்சிகளில் ஸ்டால் வாடகையில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் திட்டம் நடுவண் அரசின் எம்எஸ்எம்இ அமைச்சகத்தில் இருக்கிறது. அதை நம்பி மேடையும் சுவரும் கட்டும் ஆசாரி கூலியையும் சேர்த்து எழுத முடியாது.

இவ்வளவும் தெரிந்தே ஒரு முறை பேர் ஸ்பேஸ் எடுத்தேன். செக்கை ஓட்டிக் காட்ட ஆசை. வாகை மரச் செக்கு, 3 எச்பி மோட்டார், அதாவது 2.2 கிலோவாட். ஷெல்லில் தரும் 5 ஆம்ப் பிளக் 230 வோல்ட்டில் 1,150 வாட்தான் தாங்கும். கூடுதல் மின்சாரம் வாங்கினாலும் 9 சதுர மீட்டரில் செக்கையும் நிறுத்தி ஆளையும் நிறுத்த இடமில்லை.

எள்ளில் கருப்பட்டி தட்டிப்போட்டு ஆட்ட ஆரம்பித்தோம். வாசனை அரங்கின் அடுத்த கோடி வரை போனது. மூன்று நாளும் கூட்டம். புண்ணாக்கை உருட்டிக் கொடுக்கக் கொடுக்க, பிள்ளைகள் ஒரு சுற்றுப் போய்விட்டு மறுபடி வந்து நின்றார்கள். வியாபாரம்தான் இடித்தது.

"இப்ப வடியுதுங்களே, அதுலயே ஒரு லிட்டர் ஊத்திக் குடுங்க."

கொடுக்க முடியாது. சமையல் எண்ணெயை பேக் செய்யாமல் அளந்து ஊற்றி விற்க உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை. தவிர, வடிந்த எண்ணெய் இரண்டு மூன்று நாள் தெளிந்தால்தான் பாட்டிலில் அடைக்க ஆகும். தெளிந்த பாட்டிலை நீட்டினால் முகம் சுருங்குகிறது. கண்ணெதிரே வடிவது புதுசு, பாட்டிலில் இருப்பது பழசு என்று நானே காசு கொடுத்துச் சொல்லிவிட்ட மாதிரி ஆயிற்று.

வீட்டுக்கு வந்து விசாரணை நோட்டைப் புரட்டினால் இன்னொரு கூத்து. பாதிக்கு மேல் 'செக்கு என்ன விலை, யார் செய்தது, கரண்ட் எவ்வளவு இழுக்கும்'. செக்கு செய்து விற்கிறவருக்கு அந்த இடம் தங்கம்; அவர் பேர் ஸ்பேஸ்தான் எடுக்க வேண்டும். நான் அவருக்கு என் செலவில் விளம்பரம் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த முறை ஷெல்தான் எடுத்தேன், ஆனால் மூலை ஸ்டால். பெரும்பாலும் 10% போலக் கூடுதல் கேட்பார்கள், முனகாமல் கொடுக்கலாம். வரிசை நடுவில் உள்ள ஸ்டாலில் மேஜையை உள்ளே தள்ளிப் போட்டால் ஏறி வர ஜனம் கூச்சப்படும். முன்னால் போட்டால் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் நிற்க முடியாது. மூலையில் இரண்டு பக்கம் திறப்பு, நடந்து போகிறவர் நின்று பார்த்துவிட்டு நகரலாம். மிச்சமான பணத்தில் கூடுதல் விளக்கு வாங்கி பாட்டில்களுக்குப் பின்னால் வைத்தேன். நல்லெண்ணெய் நிறத்தை வெளிச்சத்தில் பார்த்தால் வேறு பேனர் தேவையில்லை. வாசனைக்கு எவர்சில்வர் தூக்கில் முந்தின நாள் ஆட்டிய புண்ணாக்கு. ருசிக்கு, இட்லித் துண்டில் பொடியும் எண்ணெயும்.

கூட்டம் பாதிகூட இல்லை. வந்தவர்கள் எண்ணெயைக் கேட்டார்கள். மளிகைக் கடைக்காரர்கள் சிலரும் ஒரு சமையல் கான்ட்ராக்டரும் டின் விலை எழுதிக்கொண்டு போனார்கள். அதில் இரண்டு பேர் இன்னும் வாங்குகிறார்கள்.

நண்பரோடு ஸ்டாலைப் பங்கு போடலாமே என்பார்கள். பல கண்காட்சி விதிகளில் உள்வாடகைக்கு இடமில்லை, படிவத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். சென்னை தீவுத்திடல் மாதிரி வாரக்கணக்கில் நடக்கும் பொருட்காட்சி வேறு கதை; அதற்கு ஸ்டாலை விட ஆள்தான் முதலில் வேண்டும்.

செக்கு இப்போது கடையிலேயே ஓடுகிறது. ஸ்டாலில் யாராவது கேட்டால் கொடுக்க, விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எள் ஆட்டும் நாளை அச்சடித்து வைத்திருக்கிறேன்: செவ்வாய், வெள்ளி.