டைவ் முடிந்த அன்றே எரிமலைக்கு ஏற்றுகிறார்கள்: ரெயூனியன் வருகிறவர்கள் கவனிக்கவும்

இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்கு விடுமுறைக்கு வரும் நம்மவர்கள் பலர் ஸ்கூபா டைவிங்கையும் எரிமலைப் பயணத்தையும் ஒரே பேக்கேஜாக வாங்குகிறார்கள். வாங்குவதில் தவறில்லை. ஆனால் எது முதலில், எது பிறகு என்பதில் உயிரே அடங்கியிருக்கிறது. என் தம்பிக்கு நடந்ததை எழுதுகிறேன். விற்ற நிறுவனத்தின் பெயரை வழக்கு முடியும்வரை போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

தம்பியும் அவன் மனைவியும் பாரீஸில் இருக்கிறார்கள். அங்கிருந்தே இணையத்தில் இருவருக்குமாக 460 யூரோ கட்டிப் பதிவு செய்தார்கள். முதல் நாள் எரிமலை, இரவு மலையில் தங்கல், இறங்கி வந்து மறுநாள் கிழக்குக் கரையில் சேன்த் ரோஸ் பக்கம் லாவாப் (எரிமலைக் குழம்பு) பாறைகளில் டைவ். எனக்கும் அந்த அட்டவணையை அனுப்பினான். நான் இந்தத் தீவின் மேற்குக் கரையில் சேன் ழீலில் ஒரு டைவிங் கிளப்பில் டைவ் செய்கிறவள். மலை முதலில், கடல் பிறகு என்ற அந்த வரிசை சரியாகவே இருந்தது.

விளம்பரப் படம்தான் முதல் பொய். கடலுக்கடியில் செக்கச்செவேலென்று லாவா ஒழுகுகிற மாதிரி போட்டிருந்தார்கள். இங்கே சுற்றுலா டைவில் அப்படி எதையும் பார்க்க முடியாது. பார்ப்பது ஆறி இறுகிய கரும்பாறை. 1977-இல் சேன்த் ரோஸ் ஊருக்குள் வந்து தேவாலயத்தைச் சூழ்ந்த குழம்பு, 2007 ஏப்ரலில் திராம்ப்லே அருகே கடலில் விழுந்த குழம்பு, இப்படிக் காலத்துக்குக் காலம் கடலுக்குள் இறங்கிய பாறைகள். அதுவே பார்க்க அவ்வளவு அழகு, பொய்ப் படமே தேவையில்லை. (2007-இல் ஆழ்கடல் மீன்கள் செத்து மிதந்தன. அதுவரை அறிவியலுக்கே தெரியாத இனங்களும் அவற்றில் இருந்தன.) இன்னொன்று, கிழக்குக் கரை காற்று மோதும் பக்கம். அலை அதிகமானால் அங்கே டைவே நடக்காது. இதை விற்கும்போது சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் இரவு போன் வந்தது. கிழக்கில் கடல் சரியில்லை, மேற்கே சேன் லூவில் டைவ் செய்கிறோம், அதை நாளை காலையே முடித்துவிட்டு மதியம் எரிமலைக்குப் போகலாம் என்றார்கள். இடத்தை மாற்றியதில் குற்றம் சொல்ல மாட்டேன், கடல் யார் சொன்னாலும் கேட்காது. வரிசையைத் திருப்பியதுதான் குற்றம். தம்பியிடம் டைவிங் சான்றிதழ் இருக்கிறது. "டைவ் பண்ணிட்டு அவ்வளவு உயரம் போகலாமா?" என்று கேட்டிருக்கிறான். "விமானத்தில்தான் போகக் கூடாது, நாம் வேனில்தானே போகிறோம்" என்று பதில்.

காலையில் இரண்டு டைவ். முதலாவது 30 மீட்டருக்கும் கீழே, அடுத்தது அதைவிட மேலே. டைவ் நடத்திய கிளப் ஒழுங்கான கிளப். படகில் ஏறியதுமே பயிற்றுநர் ஒவ்வொருவரிடமும் இன்று மாலை எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். தம்பி வாய் திறப்பதற்குள் நிறுவனத்தின் ஆள் முந்திக்கொண்டு, எல்லோரும் சேன் பியேரில் கடற்கரை ஓட்டலில் தங்குகிறார்கள் என்று சொல்லிவிட்டார். தம்பி, திட்டத்தை மறுபடி மாற்றிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டான். கரைக்கு வந்து சாப்பிட்டதும் வேன் நேராக மலைக்குப் போனது. இந்தப் பச்சைப் பொய்யை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. இதை அந்தப் பயிற்றுநரே எங்களுக்குக் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஏன் இது ஆபத்து? 30 மீட்டர் ஆழத்தில் நம்மேல் இருக்கும் அழுத்தம் கடல்மட்டத்தைப் போல நான்கு மடங்கு. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் அந்த அழுத்தத்தில் ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெதுவாக, மணிக்கணக்கில் மூச்சு வழியே வெளியேற வேண்டும். அதற்குள் மலை ஏறினால் வெளியழுத்தம் இன்னும் குறைந்து, கரைந்திருப்பது உடம்புக்குள்ளேயே குமிழாகிவிடும். மூட்டில் தங்கினால் வலி, தண்டுவடத்தில் தங்கினால் கால் செயலிழக்கலாம். விமானத்தில் போனாலும் வேனில் போனாலும் உடம்புக்கு ஒன்றுதான். எரிமலையின் பார்வை முனையான பா த பெல்கோம்ப் 2,311 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு, பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் அளவு. டைவ் செய்கிறவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்லும் கணக்குப்படி, ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும். பலரும் முழுதாக 24 மணி விடுகிறார்கள், நானும் அப்படித்தான்.

எரிமலைக்குப் போகும் வழியிலுள்ள பூர் முரா ஊரை நெருங்கும்போது, அதாவது 1,600 மீட்டர் உயரத்தில், தம்பிக்கு முழங்கையில் குடைகிற மாதிரி வலி. விரல்கள் மரத்துப்போயின. ஓட்டுநரிடம் சொன்னால், குளிர், மலைக்காற்று, தூங்கினால் சரியாகிவிடும் என்றாராம். தம்பி மனைவி எனக்குப் போன் செய்தாள். "அண்ணி, கை மரத்துப்போச்சுங்கிறாரு, இவங்க இன்னும் மேலே போகணும்கிறாங்க" என்றாள். உடனே மருத்துவ அவசர எண்ணான 15-க்குப் போன் போடு, வண்டியைக் கீழே திருப்பச் சொல், படுக்க வை, தண்ணீர் கொடு என்றேன். ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் வைத்து சேன் பியேர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இந்தத் தீவில் அழுத்த அறை சிகிச்சை (மூடிய அறையில் அழுத்தத்தைக் கூட்டி ஆக்சிஜன் கொடுத்துக் குமிழ்களைக் கரைப்பது) அங்கேதான். இப்போது நன்றாக இருக்கிறான். டாக்டர், அந்த இரவு அவன் மேலேயே தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விளக்கியபோது அவள் அழுதுவிட்டாள்.

அப்புறம் நிறுவனத்திடம் கேட்டோம். "நாங்கள் இணைத்துவிடுகிறவர்கள் மட்டுமே, டைவுக்குக் கிளப் பொறுப்பு, வேனுக்கு ஓட்டுநர் பொறுப்பு" என்றார்கள். கூடவே அடுத்த முறைக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பன்! பிரெஞ்சுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வெவ்வேறு சேவைகளை இரவுத் தங்கலோடு சேர்த்து ஒரே விலைக்கு விற்றால், உள்ளே இருக்கும் எல்லாச் சேவைக்கும் விற்றவரே பொறுப்பு. அரசின் 'சிஞ்ஞால் கொன்சோ' தளத்தில் புகார் பதிவு செய்துவிட்டோம், வழக்கும் போட்டிருக்கிறோம். வரிசையை மாற்றியது போனில் என்பதால் எழுத்தில் ஆதாரம் இல்லை என்று நிறுவனம் இப்போது வாதாடுகிறது. அதனால் உங்களுக்கு இப்படி ஒரு மாற்றம் சொன்னால் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

எரிமலை மட்டும் அல்ல. சேன் போலுக்கு மேலே மாய்தோ என்ற மலைப் பார்வை முனை 2,200 மீட்டர். சிலாவோஸ் ஊரே 1,200 மீட்டர். ஹெலிகாப்டர் சவாரி எல்லாவற்றையும்விட மோசம். சேன்த் ரோஸில் டைவ் செய்துவிட்டு மேற்குக்குத் திரும்புகிறவர்கள் தீவின் நடுவில் உள்ள பிளேன் தே காஃப்ர் மேட்டுநிலம் வழியாக வராதீர்கள், அந்தச் சாலை 1,600 மீட்டர் ஏறி இறங்குகிறது. கடற்கரைச் சாலை சுற்று என்றாலும் அதில் வாருங்கள். டைவ் செய்யும் நாட்களில் அறையைக் கரையிலேயே போடுங்கள்.

இதுவரை டைவே செய்யாதவர்களுக்கு: பிரான்ஸின் விதிப்படி முதல் அனுபவ டைவ் 6 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது, ஒரு பயிற்றுநருக்கு ஒரு புதியவர்தான். கூட்டமாக இறக்கினால் ஏறி வந்துவிடுங்கள். பயிற்றுநர்களின் சான்றிதழும் காப்பீட்டுத் தாளும் கிளப்பில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும், படகில் ஆக்சிஜன் இருக்க வேண்டும். கேட்டால் நல்ல கிளப் சந்தோஷமாகக் காட்டும். கடலிலேயே ஏதாவது ஆனால் அழைக்க வேண்டிய எண் 196.

அந்த விளம்பரம் இன்னும் ஓடுகிறது, படத்தில் அதே சிவப்பு லாவா. இந்த விடுமுறைக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருப்பவர்கள் பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. மலையை முதலில் வைத்து, கடலைப் பிறகு வைத்து, ஊருக்கு விமானம் ஏறுமுன் ஒரு முழு நாள் விட்டு அட்டவணை தரச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கி எனக்கு அனுப்புங்கள், வழக்கில் சேர்த்துக்கொள்கிறோம்.