மூன்றாவது கப்

மூன்றாவது கப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்த மெஷினைப் பற்றி எதைச் சொன்னாலும் அது விளம்பரமாகிவிடும். அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருக்கும் பழைய இத்தாலிய லீவர் எஸ்பிரெசோ மெஷின், அதாவது கைப்பிடியை அழுத்திச் சின்னக் கப்பில் கெட்டிக் காப்பி இறக்கும் மெஷின், இரண்டு கப் காப்பி போடும். அற்புதமாகப் போடும். மூன்றாவது கப் கருகும். நாலாவதை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

கம்பெனி பெயர் வேண்டாம். நான் குறை சொல்வது இந்த ரகத்தை மொத்தமாக. பம்பு கிடையாது, பாய்லரோடு நேராக முடுக்கிய பித்தளை குரூப் (வெந்நீர் தூளுக்குள் இறங்கும் தலைப் பகுதி), மேலே ஒரு நீளக் கைப்பிடி. 1960களில் இருந்து பெரிய மாற்றம் இல்லாமல் வந்துகொண்டிருக்கும் வீட்டு மெஷின். என்னுடையதில் தூள் போடும் 49 மில்லிமீட்டர் கூடை, முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும் பாய்லர், குறைந்த சூட்டுக்கு ஒன்று, கூடின சூட்டுக்கு ஒன்று என்று இரண்டு சுவிட்ச். தெரிந்தவர்களுக்கு இது போதும்.

ரோமில் நர்ஸாக இருந்த எங்கள் மைனி (அண்ணி) ஊருக்குத் திரும்பியபோது கொண்டுவந்தது. அவர்கள் பார்த்துக்கொண்ட ஒரு வயதான அம்மா கொடுத்ததாம். மைனிக்குப் பால் விடாத கட்டஞ்சாயாதான் பிடிக்கும். எனவே மெஷின் கன்னியாகுமரி மாவட்டத்தில், குளச்சல் பக்கத்தில் கடலைப் பார்த்த வீட்டின் பரணுக்குப் போய்விட்டது. கடற்கரையில் இரும்பு படுகிற பாடு தெரியும்தானே. நான் எடுக்கும்போது அடித்தட்டில் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. பாய்லர் பித்தளை என்பதால் குரோமுக்கு அடியில் ஆள் நன்றாகவே இருந்தார்.

பாய்லரையும் அடித்தட்டையும் ஒரு பெரிய மரை வளையம் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அது அசையவே இல்லை. இதற்கென்று யாரைத் தேடுவது? போட் எஞ்சின் வேலை பார்க்கும் ஒரு லேத்துப் பட்டறைக்குத்தான் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மரையில் எண்ணெய் விட்டு, லேசாகச் சூடு காட்டி, ஒரு நாள் அப்படியே போட்டுவைத்தார். மறுநாள் வளையம் திறந்துவிட்டது. கூலியாக அவர் கேட்டது குறைவு. ஆனால் நான் முன்னால் நின்று ஒரு கப் போட்டுக் காட்ட வேண்டும் என்றார். அந்தக் கடனை அப்புறம் தீர்த்தேன், அதுவும் முதல் கப்பால்.

குரூப்பைக் கழற்றி பிஸ்டனை வெளியே எடுத்தபோது அவர் முகத்தில் வந்த ஏமாற்றத்தைப் பார்க்க வேண்டுமே! "இது கப் வாஷர்தானே சார். பம்பு ஸ்டவ்வுல கிடக்குமே, அதேதான்" என்றார். உண்மைதான். இத்தனை பளபளப்புக்கும் உள்ளே இருப்பது ஒரு பிஸ்டனும் இரண்டு கப் வாஷரும். கீழ் வாஷரின் வாய் கீழே பார்த்திருக்க வேண்டும். அழுத்தம் ஏறும்போது வாய் விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். குரூப்பின் மேல் பக்கம், பிஸ்டன் தண்டின் ஓரமாகத் தண்ணீர் கசிந்தால் முதலில் இந்த வாஷர்களைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த வாஷர் எங்கே கிடைக்கும் என்பதுதான் வேடிக்கை. குலசேகரம் பக்கம் போனால் ரோட்டின் இரண்டு பக்கமும் ரப்பர்த் தோட்டம். வீட்டுக்கு வீடு ஷீட் அடித்துக் கொடியில் காயப்போட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு சின்ன வாஷருக்காக இத்தாலிக்கு ஆர்டர் போட்டேன். காரணம் இருக்கிறது. பாய்லருக்குள் 1 பார் அழுத்தம் இருந்தால் தண்ணீரின் சூடு 120 டிகிரிக்குப் போகும். அந்தச் சூட்டில் நம் தோட்டத்து ரப்பர் கொஞ்ச நாளில் இறுகி வெடித்துவிடும். நைட்ரைல் வேண்டும், இல்லையென்றால் சிலிக்கான். பூசுகிற கிரீஸும் உணவுக்கு ஆகும் சிலிக்கான் கிரீஸாகவே இருக்கட்டும். பட்டறையில் கிடப்பதைத் தடவினால் காப்பியில் டீசல் வாடைதான் வரும்.

மற்ற வேலைகள் சுலபம். உள்ளே படிந்திருந்த சுண்ணாம்பு, மளிகைக்கடையில் விற்கும் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊற்றியதும் விட்டுப்போனது. பழைய ஒயரைத் தூக்கிப் போட்டுவிட்டு எர்த்தோடு மூன்று முள் பிளக் மாட்டினேன். உடம்பு முழுக்க உலோகம், ஈரக்கையோடு தொடுகிற சாமான், எர்த் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டக்கூடாது. 1000 வாட் என்றால் நாலரை ஆம்பியருக்கும் குறைவுதான், சாதாரண பிளக் பாயிண்டே தாங்கும். ராஜாக்கமங்கலம் பக்கத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பு. அதனால் மெஷினுக்கு மட்டும் கேன் தண்ணீர். அதற்காக வீட்டில் வாங்கின திட்டைத் தனியாக எழுதலாம்.

காப்பித்தூள் பற்றி ஒரு வார்த்தை. சிக்கரி கலந்த ஃபில்டர் தூளை இதில் போடாதீர்கள். கூடைக்குள் களியாகிவிடும், கைப்பிடி கீழே இறங்காது. கலப்பில்லாத கொட்டையை வறுத்து வாங்கி அன்றன்றைக்குக் கையால் அரைப்பதுதான் வழி. நான் பாதி பீபெரி, பாதி ரொபஸ்டா. இந்தியாவில் இருந்து அதிகமாகக் காப்பி வாங்கும் நாடு இத்தாலிதான். எனவே கொட்டை விஷயத்தில் நாம் யாருக்கும் கூச்சப்பட வேண்டியதில்லை.

சரி, அந்த முதல் கப். கைப்பிடியை மேலே தூக்கியதும் பாய்லர்த் தண்ணீர் குரூப்புக்குள் இறங்கும் சத்தம் லேசாகக் கேட்கும். ஏழெட்டு விநாடி அப்படியே பிடித்திருப்பேன், தூள் நனையட்டும் என்று. கூடைக்கு அடியில் முதல் துளி எட்டிப் பார்க்கும்போது அழுத்த ஆரம்பிக்க வேண்டும். 49 மில்லிமீட்டர் பிஸ்டனில் 9 பார் அழுத்தம் என்றால் கணக்குப்படி சுமார் 170 கிலோ எடை. நீளக் கைப்பிடி இருப்பதால்தான் ஒரு மனிதன் அதைச் செய்ய முடிகிறது. கிணற்றில் கயிறு இழுக்கும்போது வாளி நிறைந்ததா இல்லையா என்று கை சொல்லுமே, அதேபோலத் தூள் சரியாக அரைந்திருக்கிறதா என்று இதில் கைதான் சொல்லும். நைசாக இருந்தால் கைப்பிடி மல்லுக்கு நிற்கும். கொரகொரப்பாக இருந்தால் வழுக்கிக்கொண்டு கீழே போகும். சரியாக அமைந்த நாளில் கரும்பழுப்பாகத் தொடங்கும் ஒழுக்கு மெல்ல வெளுத்து, கப்பில் பொன்னிற நுரை விரல் கனத்துக்கு நிற்கும். சர்க்கரை போட மாட்டேன். தேவைப்படாது.

பம்பு இல்லாததால் இரைச்சல் இல்லை. விடியற்காலையில் வீட்டில் யாரையும் எழுப்பாமல் காப்பி போடலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு கரண்டும் போகுமே, அப்போதும் பாய்லர் சூடாகியிருந்தால் போதும், நமக்கு உரிய கப் வந்துவிடும். பட்டன் அழுத்துகிற மெஷின் வைத்திருப்பவர்கள் இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது நான் மட்டும் குடித்திருக்கிறேன். இந்த ஒரு சந்தோஷத்துக்காகவே பாதி விலையை மன்னிக்கலாம்.

ஆனால் மூன்றாவது கப்!

இதற்குக் காரணம் தெரியாமல் இல்லை. பாய்லரில் இருந்து வரும் தண்ணீர் காப்பிக்குத் தேவையானதைவிட அதிகச் சூடு. குரூப்பின் கனத்த பித்தளை அந்தச் சூட்டில் கொஞ்சத்தைக் குடித்துக்கொள்வதால்தான் முதல் கப் நன்றாக வருகிறது. பித்தளை குடித்துக் குடித்து வயிறு நிறைந்த பிறகு? குரூப்பில் ஒரு ஸ்டிக்கர் தெர்மாமீட்டர் ஒட்டியிருக்கிறேன். முதல் கப்புக்கு 80 டிகிரி பக்கம் நிற்கும். இரண்டாவதற்கு 90. அதற்கு மேல் தண்ணீர் தணியாமல் அப்படியே தூளில் விழும். கப்பில் வருவது சாம்பல் கசப்பு, நாக்கின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போகாது. குளிர்கால இத்தாலியச் சமையலறைக்கும் நம் அடுப்படிக்கும் உள்ள வித்தியாசத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே குரூப் ஆறுவதற்குக் காற்றுகூட ஒத்துழைப்பதில்லை. ஃபேன் போட்டால் அடுப்பு அணைந்துவிடும் என்று சத்தம் வரும்.

செய்யாத வைத்தியம் இல்லை. குரூப்பில் ஈரத்துணி சுற்றினேன். கைப்பிடி ஃபில்டரைப் பச்சைத் தண்ணீரில் முக்கி மாட்டினேன், பித்தளையின் சூட்டை அது கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். பட்டறைக்காரர் குரூப்புக்கும் பாய்லருக்கும் நடுவே வைக்க டெஃப்லானில் ஒரு துண்டு கடைந்து கொடுத்தார். சூடு ஏறுவது நிச்சயமாகத் தாமதமானது. பலன் என்று கேட்டால், அரைக் கப் கூடியது. ஆனி, ஆடியில் கடல் காற்று பிடிக்கும்போது ஜன்னல் பக்கம் நகர்த்திவைத்தால் மூன்றாவதையும் குடிக்கலாம். ஆவணி பிறந்ததும் பழைய கதைதான். அணைத்துவிட்டுக் காத்திருந்தால் எல்லாம் சரியாகும் என்பார்கள். சரியாகும்தான். வந்தவர்கள் யார் காத்திருப்பார்கள்?

எங்கள் ஊரில் யாரும் தனியாக வருவதில்லை என்பதுதான் பிரச்சினையே. போன மாதம் கல்யாணத்துக்கு அழைக்க ஐந்து பேர் வந்தார்கள். முதல் கப் பெரியம்மாவுக்கு. அவர்கள் கப்பை எட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா மக்கா?" என்றார்கள். இரண்டாவது மாப்பிள்ளையின் அப்பாவுக்கு. அவர் மரியாதைக்கு ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கொஞ்சம் பால் கிடைக்குமா என்று கேட்டார். பாலை நுரைக்க நீராவி திறந்தேன், அழுத்தம் இறங்கியது, மறுபடி ஏறும்வரை எல்லோரும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரும் கண்ணாடிக் குழாயில் கீழே போய்விட்டது. அழுத்தத்தோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். அணைத்து, நீராவியை விட்டு, திறந்து, ஊற்றி, மறுபடி முதலில் இருந்து. அடுப்படியில் இருந்து அம்மா சத்தம்: "சருவத்த அடுப்புல வச்சிருந்தா இந்நேரம் எல்லாரும் குடிச்சிட்டுப் போயிருப்பாவ."

மூன்றாவது கப் மாமாவுக்குப் போனது. கருகியதுதான், வாசத்திலேயே தெரிந்தது. கொடுக்க வேண்டாம் என்று நான் கையை நீட்டுவதற்குள் அவர் ஒரு துண்டு கருப்பட்டியை அதில் போட்டுக் கலக்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "இதுல்லா காப்பி" என்றார். முதல் இரண்டு கப்பும் மேஜையில் பாதி மிச்சம் ஆறிக்கொண்டிருந்தன. அவர் மனதாரத்தான் சொன்னார், அதில் சந்தேகம் இல்லை. எனக்கு எரிச்சல் இன்னும் கூடிவிட்டது. அன்று முதல் வீட்டில் யாரும் என் பக்கத்து நியாயத்தைக் கேட்பதில்லை. "மாமாவே நல்லாருக்குன்னு சொல்லிட்டாவளே" என்று முடித்துவிடுகிறார்கள்.

இப்போது மார்த்தாண்டத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்கிறார். இத்தாலியில் இருந்து திரும்பிய ஒருவர் இதே மெஷினை விற்கிறாராம், முதலில் சொன்ன விலையில் இருந்து நன்றாக இறங்கியும் வந்துவிட்டாராம், வாங்கலாமா என்று. அவர் வீட்டில் பெரியவர்கள், பிள்ளைகள் எல்லாம் சேர்த்து எட்டுப் பேர். அப்பாவுக்குக் காலையில் சுக்கு காப்பி, பிள்ளைகளுக்குப் பால். சாயந்திரம் திண்ணையில் எப்போதும் இரண்டு பேராவது உட்கார்ந்திருப்பார்கள்.

வாங்காதீர்கள் அண்ணே. தனியாக இருப்பவர் வாங்கலாம், கல்யாணமான புதுசில் இருப்பவர்கள் வாங்கலாம். காப்பியின் ருசியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இந்த விலைக்குக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் மெஷின் எதுவும் இதன் பக்கத்தில் நிற்காது. வாஷரைப் பார்த்துக்கொண்டால் நம் காலத்துக்குப் பிறகும் ஓடும். இருந்தாலும் வேண்டாம். உங்கள் வீட்டில் தினமும் ஆறு பேருக்குக் கருகின காப்பி கொடுத்துக் கெட்ட பெயர் வாங்க வேண்டியதில்லை.

அந்த விற்பவரின் நம்பரை மட்டும் எனக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டு மெஷினைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நாலு கப் ஆகிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் நேரில் போனால் அடியில் அந்த மரை வளையம் அசைகிறதா என்று ஒரு தடவை திருகிப் பாருங்கள். அசையவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம்.