சீனியரின் ஜெராக்ஸா, சொந்தக் கைநோட்டா?

பொறியியல் முதலாண்டில் சேர்ந்த சில வாரங்களிலேயே சீனியர்களின் நோட்ஸ் ஜெராக்ஸாகக் கைக்கு வந்துவிடும். அடிக்கடி வரும் கேள்விகள் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி கேள்வித்தாளில் இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்து. வரையறைகளைக் கேட்கும் அந்தப் பகுதிக்கு ஜெராக்ஸ் நன்றாகவே உதவும்.

கணக்கில்தான் அது காலை வாரிவிடும். அணியின் (matrix) ஐகன் மதிப்பு (eigenvalue) காணும் கணக்கை வாசிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். பேனாவை எடுத்தால் மூன்றாவது வரியில் நின்றுவிடுவோம். 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்து, படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். முந்தின நாள் இரவு படித்தது தேர்வறையில் வராததற்கு உங்கள் மூளையைக் குறை சொல்லாதீர்கள், தம்பி தங்கைகளே.

கைநோட்டுக்கு நேரம் அதிகம் பிடிக்கும், உண்மைதான். ஆனால் வகுப்பு நடந்த அன்றே மாலையில் நோட்டை மூடிவைத்து, நினைவில் நின்றதை ஒரு தாளில் எழுதி, விட்டுப்போனதை வேறு மையில் சேர்த்தால் அரைமணி நேரம் போதும். அதே ஒழுங்குமுறையில் தியரி பாடங்களுக்கு 40 சதவீதம் அக மதிப்பீடு (இன்டர்னல்). செமஸ்டர் நடுவே வரும் அந்தத் தேர்வுகளுக்கு ஸ்டடி லீவ் கிடையாது; அன்றன்றே எழுதிவைத்ததுதான் கைகொடுக்கும்.

என் தேர்வு கைநோட்டு. வகுப்புக்குப் போக முடியாத நாளுக்கு மட்டும் ஜெராக்ஸ். அதையும் படித்துவிட்டு, மூடிவைத்து ஒருமுறை எழுதிவிடுங்கள்.