வகுப்பறைக்கு 75 இன்ச் ஸ்மார்ட் போர்டு: வாங்கலாமா?

பாடக் காணொளியை மாணவர்கள் வீட்டிலேயே போனில் பார்த்துவிடலாம். 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கியூஆர் கோடு இருக்கிறது. ஸ்கேன் செய்தால் மத்திய அரசின் கல்வித் தளமான திக்‌ஷாவில் பாடம் ஓடும். அதையே பெரிய திரையில் ஓட்டிக் காட்ட லட்ச ரூபாய்க்கு மேல் கொட்டுவது வீண். பிள்ளைகள் எழுந்து வந்து கணக்குப் போடுவார்கள் என்றால் மட்டும் வாங்குங்கள். அந்த வேலைக்கு இந்த போர்டு அருமை. ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஒரு முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுத்தால் கோணங்கள் மாறும். கூட்டினால் 180 பாகையிலேயே நிற்கும். “கூட்டினா மட்டும் ஏன் சார் மாறல?” என்று ஒரு குரல் எழும். பள்ளிக்கூடம் இருப்பதே அந்தக் கேள்விக்காகத்தான்.

திரையின் அகலம் சுமார் 166 செ.மீ., உயரம் 93 செ.மீ. 20 அடி தள்ளியிருக்கும் கடைசி பெஞ்சுக்கு எழுத்து 2 அங்குலமாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் ண, ன சுழிகள் குழம்பும். அப்படி எழுதினால் பத்து வரிதான் பிடிக்கும். ஆகவே கரும்பலகையைக் கழற்றிவிடாதீர்கள். நீளமான கணக்குக்கு அதுதான் இடம்.

ஆனால் சாக்பீஸ் தூள் இந்த போர்டுக்கு எதிரி. பெரும்பாலான மாடல்களில் சட்டத்தைச் சுற்றி அகச்சிவப்புக் கதிர் ஓடுகிறது. விரல் அதை மறைக்கும் இடமே ‘டச்’. கீழ் விளிம்பில் தூள் படிந்தால் யாரும் தொடாமலே கோடு விழும், அல்லது ஒரு பட்டை முழுக்க டச் செத்துப்போகும். பேனலே போய்விட்டதென்று பயப்பட வேண்டாம். அணைத்துவிட்டு, காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் நான்கு விளிம்பையும் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஜன்னல் வெயில் நேராக விழுந்தாலும் இதே கோளாறு வரும், திரைச்சீலை போடுங்கள்.

லேப்டாப்பை எச்டிஎம்ஐ வயரில் மட்டும் இணைத்தால் படம் வரும், டச் வராது. கூடவே டச் யுஎஸ்பி வயரும் வேண்டும். அது 5 மீட்டருக்கு மேல் போனால் சிக்னல் விட்டுவிட்டு வரும்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பிபிடியை போர்டின் ஆண்ட்ராய்டில் திறந்தால் எழுத்தெல்லாம் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றுங்கள், நேரமில்லையா, பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுவாருங்கள்.

கரண்ட் போனால் சேமிக்காத எழுத்தெல்லாம் போய்விடும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வைக்கும் 600 விஏ யுபிஎஸ் சேமித்து அணைக்கும் சில நிமிடங்களுக்குத்தான் உதவும். பீரியட் முழுக்க ஓட வேண்டுமென்றால் இன்வெர்ட்டர்தான்.

பில் போடும் முன் கடையிலேயே பிளே ஸ்டோரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கூகுளின் ஈடிஎல்ஏ சான்று இல்லாத பேனல்களில் அது முறைப்படி வராது. வேண்டிய ஆப்களை ஏபிகேவாக (பிளே ஸ்டோர் இல்லாமல் நாமே நிறுவும் கோப்பாக) தேடி அலைய வேண்டியிருக்கும். வாரண்டியில் டச் சட்டம் சேருமா, பள்ளிக்கே வந்து பார்ப்பார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கண்ணாடி உடைந்தால் பொதுவாக வாரண்டி கிடையாது.